பதினொன்றரை லிட்டர் கடல்

கடையில் அதன் விலை நாற்பத்தொன்பது யூரோ. ஹாம்பர்க் பல் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் தருகிறேன் என்றார். பிரேமர்ஹாஃபன் கடல்நீர்த் தொட்டிச் சங்கத்தின் பதினேழு உறுப்பினர்களையும் தனித்தனியாகக் கேட்டால், "அதுக்கெல்லாம் விலை போட முடியாதுங்க" என்று நெஞ்சில் கை வைப்பார்கள். ஒரே அறையில் உட்கார வைத்துக் கேட்டபோது ஒன்பதுக்கு எட்டு என்ற கணக்கில் நாலாயிரத்துக்குச் சம்மதித்தார்கள். சங்கக் கட்டடத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகும் கூரைக்கடியில் மனசாட்சி சீக்கிரம் நனைந்துவிடும்.

சரக்கு ஒரு விசிறிப் புழு. சேற்றையும் தன் உடம்புப் பசையையும் குழைத்துத் தானே கட்டிய குழாய்க்குள் குடியிருக்கும். வெளியே தெரிவது தலையில் விரியும் விசிறி மட்டும். பழுப்பும் வெள்ளையுமாய், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்த இறகு வட்டம். சங்கத்துத் தொட்டியில் இப்படிப் பன்னிரண்டு இருந்தன. பெரியதற்கு வயது ஏழு, பெயர் திருமதி பேட்டர்சன். அது சங்கத்தின் முதல் பொருளாளர் பெயர். ஆள் நிழல் பட்டாலே கதவைச் சாத்திக்கொள்வாராம்.

புதன்கிழமை இந்தப் பெரியதைப் பல் மருத்துவரிடம் ஒப்படைப்பதாக ஏற்பாடு. அதற்கு மூன்று நாள் முன்பே அதைக் காணோம்.

ஞாயிறு, காலை 7.40.

தொட்டிப் பொறுப்பாளர் ஹாயோ வாசல் பனியை மிதித்து வந்து பூட்டைத் திறந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், ஐம்பத்தாறு வயது. மனைவி பிரிந்துபோன பிறகு நாலு வருடமாக அவருடைய நாள் இந்தத் தொட்டியின் முன்தான் தொடங்குகிறது. வேலைக்குப் போகிற நாளிலும் முதலில் இங்கே வந்து உப்பு அளவு பார்ப்பார், நோட்டில் எழுதுவார், பிறகு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அன்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதினொரு விசிறிகள் விரிந்திருந்தன. நடுவில், முஷ்டியளவு கல் இருந்த இடத்தில், மணலில் ஒரு குழி. கல்லும் இல்லை, கல்லோடு ஒட்டியிருந்த குழாயும் இல்லை.

அந்த நிலையிலும் அவர் உப்பு அளவு பார்த்து நோட்டில் எழுதினார். லிட்டருக்கு முப்பத்து நாலு கிராம். பிறகுதான் தலைவருக்குப் போன் செய்தார்.

திங்கள், மாலை 4.10.

இம்கெ லூபன் மீன் ஏலக் கூடத்தின் மதிப்பீட்டாளர். ஒரு பெட்டி மீனைக் கண்ணால் பார்த்து, எந்தப் படகு, எத்தனை நாள் பனிக்கட்டியில் கிடந்தது, என்ன விலை போகும் என்று சொல்லிவிடுவாள். சங்கத் தலைவர் க்ளாசன் அவளை அழைத்தது காப்பீட்டுக்கு ஒரு மதிப்புச் சான்றிதழ் வாங்க.

"நாலாயிரம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும்மா," என்றார் க்ளாசன். "திருடன் யாருன்னு எங்களுக்கே தெரியும்."

"யாரு?"

"சாவி ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு ஹாயோகிட்ட. சனிக்கிழமை மதியம் ஒண்ணரைக்குப் பூட்டினோம். எல்லாரும் கேல் கீரை நடைக்குப் போயிட்டோம். மூணு மணிக்குப் பனி பிடிச்சுது, ராத்திரி பத்து வரை கொட்டுச்சு. காலையில வாசல்ல ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் தடம். ஹாயோவோடது. உடைச்ச பூட்டும் இல்ல, திறந்த ஜன்னலும் இல்ல. வேறென்ன வேணும்?"

"மூணு மணிக்கு முன்னாடி யாராவது திரும்பி வந்திருந்தா?"

"ரெண்டு சாவியும் எங்க கூடவே நடந்துச்சு. ஆறு மணி வரைக்கும் யாரும் யாரையும் விடல. அப்படி ஒரு குளிர், அப்படி ஒரு குடி."

வடகடலோரத்தில் பிப்ரவரி என்றால் இதுதான். கைவண்டியில் குடியை ஏற்றி, கழுத்தில் கயிறு கட்டிய சின்னக் கிளாஸோடு கூட்டமாக நடப்பது. கடைசியில் ஏதாவது விடுதியில் கேல் கீரையும் கொழுப்புத் தொத்திறைச்சியும் வயிறு முட்டத் தின்பது. அதிகம் தின்றவரை ராஜாவாக்குவது. இந்த வருட ராஜா க்ளாசன்.

"கிளம்பும்போது புழு இருந்துச்சா?"

க்ளாசன் போனை நீட்டினார். மதியம் 1.05. தொட்டி முன்னால் பதினேழு பேர். நடுவில் க்ளாசன், அவர் வழுக்கைத் தலைக்குப் பின்னால் திருமதி பேட்டர்சன் முழுதாக விரிந்து, சாமி படத்து ஒளிவட்டம் போல நின்றது.

"உங்களுக்கு எடுப்பா இருக்கு," என்றாள் இம்கெ. அவர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நாளைக்கு ராத்திரி ஏழரைக்குக் கூட்டம். ஹாயோகிட்ட சாவியைத் திருப்பி வாங்கறோம், பேரையும் அடிக்கறோம். வித்தானோ கொன்னானோ, எதுவா இருந்தாலும் அவன் பொறுப்பு. நோட்டைப் பாருங்க. வருஷம் முழுக்க முப்பத்தஞ்சு. ஞாயித்துக்கிழமை முப்பத்து நாலு! உப்பைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல."

அவர் போன பிறகும் இம்கெ போகவில்லை. விலை சொல்லப் பொருளைப் பார்க்க வேண்டும். பொருள் இல்லாததால் அதன் உறவினர்களைப் பார்த்தாள்.

முதலில் பதினொன்றும் சாத்திக்கொண்டன, ஒரே கணத்தில், யாரோ விளக்கணைத்தது போல. அவள் அசையாமல் நின்றாள். இரண்டு நிமிடம் கழித்து ஒரு குழாயின் வாயில் தூரிகை முனை போல ஏதோ எட்டிப் பார்த்தது. பிறகு அது சுழன்றபடி விரிந்தது. ஒவ்வோர் இழையிலும் நூறு கிளை, ஒவ்வொரு கிளையிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அலை. முப்பது வருடம் கடல் பொருளை எடைபோட்டவள் அவள். தராசில் வைத்தால் முள் அசையாத ஒன்றின் முன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது இதுவே முதல் தடவை.

"மூச்சு விடறதும் அதாலதான், சாப்பிடறதும் அதாலதான்," பின்னாலிருந்து ஹாயோ சொன்னார். "பார்க்கறதும் அதாலதான். அந்த இழை ஓரத்துலெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கே, அது கண்ணு. நம்மள பார்த்துட்டுதான் உள்ள போச்சு."

"ஹாயோ, நீங்க எடுத்தீங்களா?"

"இல்ல." உப்புமானியைத் துடைத்து வைத்தார். "எட்டுப் பேர் விக்க வேணாம்னோம். அதுல நானும் ஒருத்தன். அந்தப் பல் டாக்டர் தொட்டியில ரெண்டு வண்ணத்துப்பூச்சி மீன் இருக்கு மேடம். இந்த இழைன்னா அதுங்களுக்கு நூடுல்ஸ். ஒரு வாரம் தாங்காது. சொன்னேன். கூரையைக் காட்டினாங்க."

"சனிக்கிழமை என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"காலையில எட்டு மணிக்கு நன்னீர் கேனை விளிம்பு வரை நிரப்பினேன். இருபது லிட்டர். தொட்டித் தண்ணி ஆவியாகிக் குறைஞ்சா, அதுலேர்ந்து தானா இறங்கி அளவைச் சரி பண்ணும். உப்பு ஆவியாகாது பாருங்க, அதனால நல்ல தண்ணி மட்டும். நாளைக்கு மூணு லிட்டர் இறங்கும். அப்புறம் ஒரு மணிக்கு எல்லாரும் வந்தாங்க. போட்டோ. வெளியில வண்டியில சாமான் ஏத்தினோம். தலைவர் பேச ஆரம்பிச்சார். அவர் பேசினா பனிக்கட்டியே உருகிடும். நாலஞ்சு பேர் கழிவறைக்கு, கரண்டிக்குன்னு உள்ள போய்ட்டு வந்தாங்க. ஒண்ணரைக்கு வெளிக்கதவைப் பூட்டினேன். இந்த அறைக்குள்ள நான் திரும்ப வரல. அதுதான் என் தப்பு."

"நடையில?"

"எல்லாரும் குடிச்சாங்க. எனக்கு மறுநாள் கிரேன் வேலை, ஒரு சொட்டு தொட முடியாது. ரெண்டாவது நிறுத்தத்துல எங்க சங்கத்து ஆல்முட்கிட்ட ஆப்பிள் சாறு கேட்டேன். இன்னும் சூடாகலன்னு சொல்லி, அவ சொந்த ஃப்ளாஸ்க்லேர்ந்து டீ ஊத்திக் குடுத்தா. நல்ல பொண்ணு."

"அந்த நன்னீர் கேன்ல ஞாயித்துக்கிழமை காலையில எவ்வளவு இருந்துச்சு?"

ஹாயோ நோட்டைத் திருப்பினார். எழுதியிருந்தார், எழுதாத விஷயமே அவரிடம் இல்லை. "அஞ்சரை. நானும் யோசிச்சேன். கசிவுன்னு நெனச்சுத் தரை பூரா தடவிப் பார்த்தேன். காய்ஞ்சு கிடந்துச்சு. அழுக்கு நுரை சேர்ற குவளையும் பொங்கி வழியல."

இம்கெ பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். "தொட்டி மொத்தம் எத்தனை லிட்டர்?"

"நானூறு."

அவள் சான்றிதழ்த் தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி, மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

திங்கள், மாலை 5.45.

டெட்லெஃப் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவர், சங்கத்திலும் உறுப்பினர். கேள்வி கேட்பதற்கு முன்பே கையை உயர்த்தினார்.

"விசிறிப் புழு காணாமப் போனா விசிறிப் புழு விக்கறவனைத்தான் பிடிப்பீங்க. பிடிங்க. குளிர்பதனப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்துக்கோங்க, உள்ள என் மதியச் சாப்பாடுதான்."

"நீங்க ஒரு புழுவை அனுப்பணும்னா எப்படிக் கட்டுவீங்க?"

"பை. அரை லிட்டர் தண்ணி. மீதி ஆக்சிஜன். ரப்பர் பேண்ட். தண்ணி எடை, எடை செலவு. அரை லிட்டருக்கு மேல ஊத்தினா எங்கப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து அடிப்பார்."

"சனிக்கிழமை வண்டியில என்ன சாமான்?"

"ரெண்டு பெட்டி பீர், என்னோடது. தலைவரோட பிராந்திப் பெட்டி, ஷூ பெட்டி சைஸ். ஆல்முட்டோட ரெண்டு சூடாறாத கேன், ஒவ்வொண்ணும் பன்னிரண்டு லிட்டர். ஒண்ணுல மசாலா ஒயின், ஒண்ணுல ஆப்பிள் சாறு. ஒயினை நாலு மணிக்கே நக்கிட்டோம்."

"ஆப்பிள் சாறு?"

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "கீரை நடையில ஆப்பிள் சாறு யார் குடிப்பா மேடம்? அது சும்மா மரியாதைக்கு. ஆனா இந்த வருஷம் சுவாரசியமே இல்ல. எப்பவும் வண்டியை வச்சு ஓட்டப் பந்தயம் நடக்கும். ஆல்முட் விடவே இல்ல. வண்டி கல்லுல ஏறினாக்கூடக் கத்தினா. விடுதிக்கு வந்ததும் தலைவலின்னு, கேன் ரெண்டையும் ஏத்திக்கிட்டு தம்பி கார்ல கிளம்பிட்டா."

செவ்வாய், காலை 10.20.

ஆல்முட் நகராட்சி நீச்சல் குளத்தின் பொறுப்பாளர். நாற்பது வயது, குட்டை முடி, கழுத்தில் விசில். குளத்து நீரைச் சின்னக் குழாயில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹாயோ மத்ததுக்கெல்லாம் தீனி போட்டாரா?" இம்கெ வாய் திறக்கும் முன்பே கேட்டாள்.

"போட்டார். உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் புழுவை வெளிய எடுக்கணும்னா எப்படி எடுக்கறது?"

"தண்ணிக்குள்ளயே பையைக் கொண்டுபோய், கல்லோட அதுக்குள்ள நகர்த்தணும். காத்து படவே கூடாது. குழாய்க்குள்ள காத்துக் குமிழ் போச்சுன்னா அதால வெளியேத்த முடியாது. அப்புறம் அதோட தண்ணியே நிறைய வேணும். சூடு மாறக் கூடாது, குலுங்கக் கூடாது." மூச்சு விடாமல் சொல்லி முடித்தவள், சட்டென்று குழாயை மூடினாள். "ஏன் கேக்கறீங்க?"

"விலை போடணும்ல. எடுக்கற கூலியையும் சேர்க்கணும்."

செவ்வாய், இரவு 7.30.

பதினேழு பேரும் வந்திருந்தார்கள். க்ளாசன் மேசைமேல் ஒரு வெற்றுத் தட்டு வைத்திருந்தார், சாவி போட. ஹாயோ சாவியைக் கையில் வைத்திருந்தார். விரல்கள் அதைச் சுற்றி மூடியே இருந்தன.

"ஒரு நிமிஷம்," என்று இம்கெ எழுந்தாள். "நான் மதிப்புப் போட வந்தவ. திருட்டுப் போனதோட பட்டியல் தப்பா இருக்கு. ஒரு புழு, ஒரு கல்னு எழுதியிருக்கீங்க. இன்னொண்ணும் போயிருக்கு."

"என்ன?"

"பதினொன்றரை லிட்டர் கடல்."

யாரோ சிரித்தார்கள். அவள் தாளைப் பிரித்தாள்.

"உப்பு முப்பத்தஞ்சுலேர்ந்து முப்பத்து நாலு ஆச்சு. தலைவர் அதை ஹாயோவோட அலட்சியம்னார். உப்பு ஆவியாகாதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். தொட்டியில உப்பு குறையணும்னா உப்புத் தண்ணி வெளிய போயிருக்கணும், அந்த இடத்துல கருவி நல்ல தண்ணியை நிரப்பியிருக்கணும். முப்பத்தஞ்சுல ஒரு பங்கு போச்சு. நானூறு லிட்டர்ல முப்பத்தஞ்சுல ஒரு பங்கு, பதினொன்றரையை ஒட்டி. சரி, உப்புமானி பொய் சொல்லுதுன்னு வச்சுப்போம். நன்னீர் கேனைக் கேப்போம். இருபது இருந்துச்சு, அஞ்சரை மீதி, பதினாலரை இறங்கியிருக்கு. தினசரி ஆவி மூணு போக, பதினொன்றரை. ரெண்டு சாட்சி, ஒரே பதில்."

தங்கள் நோட்டுப் புத்தகத்தில் இத்தனை நாள் ஒரு வாக்குமூலம் கிடந்ததை அவர்கள் இப்போதுதான் படித்தார்கள்.

"தரை காய்ஞ்சிருக்கு. அப்போ அந்தத் தண்ணி ஒரு பாத்திரத்துல போச்சு. பனியில தடம் இல்ல, சாவி ரெண்டும் உங்க கூடவே நடந்துச்சு. அப்போ அந்தப் பாத்திரமும் உங்க கூடவேதான் நடந்துச்சு. தலைவர் வாசல்ல பேசினாரே, அந்த நேரத்துல நிரம்பி, உங்க கைவண்டியில ஏறி, ஊர்வலமா போயிருக்கு. பீர் பெட்டியில தண்ணி நிக்காது. பிராந்திப் பெட்டி சின்னது. ஒயின் கேனைக் கடைசிச் சொட்டு வரை குடிச்சுட்டீங்க. மிச்சம் ஒரே ஒரு கேன். பன்னிரண்டு லிட்டர், சூடாறாது. பதினஞ்சு பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல, ஏன்னா அதுல ஆப்பிள் சாறுன்னு எழுதியிருந்துச்சு."

டெட்லெஃப் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"திருடறவன் அரை லிட்டர் எடுப்பான். பதினொன்றரை எடுத்தவங்களுக்குப் புழு மேல ஆசை இல்ல, அக்கறை. கேட்டது ஒரே ஒருத்தர், குடிக்காத ஒருத்தர். அவருக்கும் சாறு கிடைக்கல. டீ கிடைச்சுது." இம்கெ திரும்பினாள். "சாறு சூடாகலன்னு சொன்னீங்களே ஆல்முட். அந்தக் கேனைச் சூடாக்கியிருந்தா புழு செத்துப் போயிருக்கும், இல்லையா?"

ஆல்முட்டின் விரல்கள் கழுத்தில் இல்லாத விசிலைத் தேடின.

"உயிரோட இருக்கு," என்றாள். "என் படுக்கையறையில. புதன்கிழமை அந்த டாக்டர் வந்து வெறுங்கையோட போனதும் சொல்லியிருப்பேன்."

"புதன்கிழமையா?" ஹாயோ முதல் தடவையாக வாய் திறந்தார். "இன்னிக்கு செவ்வாய் ஆல்முட். நாளைக்கு நான் யாரு? இந்தக் கதவுக்கு வெளிய நிக்கற ஆளு. எடுத்ததுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்லல. மூணு நாளா என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு, மத்ததுக்குத் தீனி போட்டேனான்னு கேட்டுக்கிட்டு இருந்தியே!"

ஆல்முட் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். க்ளாசன் வெற்றுத் தட்டைச் சத்தமில்லாமல் மேசைக்கடியில் தள்ளினார்.

செவ்வாய், இரவு 8.50.

ஆல்முட்டின் படுக்கையறையில் கட்டிலைவிடத் தொட்டிக்குத்தான் இடம் அதிகம். நீல விளக்கு. நடுவில் கல், கல்லில் நிமிர்ந்த குழாய். அதன் அடியில், மணலில், பழுப்பும் வெள்ளையுமாய் முழு விசிறி கழன்று கிடந்தது. பூ உதிர்ந்தது போல.

"இடம் மாறினது பிடிக்காம ஞாயித்துக்கிழமை ராத்திரி கழட்டிடுச்சு," என்றாள் ஆல்முட். "ஒரு சொட்டு சிந்தல. ஒரு குலுக்கல் இல்ல. அப்படியும்..."

ஹாயோ முழங்காலிட்டார். குழாயின் வாய் இலேசாகத் திறந்திருந்தது. அவர் கையைக் கண்ணாடிக்கு மேலே மெல்லக் கொண்டுபோனார். அசைவில்லை. பார்ப்பதற்கு இப்போது அதனிடம் கண்களே இல்லை. கண்ணாடியை ஒரு விரலால் ஒரே ஒரு தடவை தட்டினார்.

குழாயின் வாய் சுருங்கி மூடிக்கொண்டது.

அறையில் இருந்த நாலு பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். கண் போய், வாய் போய், நுரையீரல் போய், எல்லாவற்றையும் ஒரே இரவில் மணலில் எறிந்துவிட்டு, வெறும் குழாய்க்குள் உட்கார்ந்து, வேண்டாம் போ என்று கதவைச் சாத்துகிறது ஓர் உயிர். இம்கெவின் கையில் சான்றிதழ்த் தாள் இருந்தது. விலை எழுதும் கட்டம் காலியாகவே இருந்தது.

க்ளாசன் நடைபாதைக்குப் போய் ஹாம்பர்க்கிற்குப் போன் செய்தார். திரும்பி வரும்போது காது சிவந்திருந்தது.

"வேணாமாம். மொட்டைக் குழாய்க்கு நாலாயிரம் தர அவர் என்ன பைத்தியமான்னு கேக்கறார். விசிறி திரும்ப முளைக்கும்னு சொன்னேன். முளைச்சதும் திரும்பக் கழட்டாதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்றார்."

"குடுப்பீங்களா?" என்றாள் இம்கெ.

க்ளாசன் தொட்டியைப் பார்த்தார். "கூரைக்கு வேற வழி பார்ப்போம்," என்றார்.

எட்டுப் பேரின் ஓட்டும் ஒருத்தியின் திருட்டும் காப்பாற்ற முடியாத தன்னை, அந்தப் புழு தன் விசிறியைக் கொடுத்துத் தானே மீட்டுக்கொண்டது.

புழு சங்கத் தொட்டிக்குத் திரும்பியது, பன்னிரண்டு லிட்டர் கேனில், இந்தத் தடவை ஹாயோவின் மடியில். சாவி அவரிடமே இருந்தது. ஆல்முட்டை என்ன செய்வது என்று தலைவர் கேட்டபோது, "அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். எனக்குக் கண்ணாடி போட்டாலும் கலங்குது. காலையில வந்து முளைக்கற இழையை எண்ணட்டும்," என்றார் ஹாயோ. அவள் தினமும் வந்தாள். அவள் எண் சொன்னாள், அவர் எழுதினார். இருவருக்கும் வேறு பேச்சில்லை.

முதல் எட்டு நாள் எழுத ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் குழாயின் வாயில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தது. பழைய படத்தைப் பெரிதாக்கி, க்ளாசனின் தலை மறைத்ததைத் தோராயமாகச் சேர்த்து, முன்பு இருந்த இழைகளையும் எண்ணி வைத்திருந்தார்கள். இருபத்து மூன்றாம் நாள், நோட்டில் ஹாயோவின் கையெழுத்து இப்படி இருந்தது:

உப்பு முப்பத்தைந்து. முன்பு இருந்த இழைகள் நூற்று ஐம்பத்திரண்டு. இன்று இடப்பக்கம் முப்பத்தொன்று, வலப்பக்கம் இருபத்தெட்டு, ஆக ஐம்பத்தொன்பது. வர வேண்டியது தொண்ணூற்று மூன்று.